பாக்கெட்டில் இருந்தது

எங்கள் வீட்டு வக்கீலம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் உடம்பளவில் நலம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, நலமாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். உடம்பளவில் என்று ஏன் சொன்னேன் என்பது போகப் போகத் தெரியும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினாலே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, அப்புறம் கூப்பிடறேம்மா என்று வைத்துவிடுகிறாய், அந்த அப்புறம் வருவதற்குள் எனக்குக் கோபம் ஆறி நீ தப்பித்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாது. மடித்துப் போட்டாலும் மறுபடி எடுத்துப் படிப்பாய், உன் குணம் எனக்குத் தெரியாதா. அதனால் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு உட்கார்ந்து படி.

முதலில் மற்றச் சேதிகளைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா எடுத்ததும் சண்டைக்கு வந்துவிட்டாள் என்பாய். கடையில் பெரிய மெஷினின் கதவு ரப்பர் கிழிந்து ஒரு காலைப்பொழுது முழுவதும் தண்ணீர் வாசல்வரை ஓடியது. மெக்கானிக் இதோ வரேன் அதோ வரேன் என்று சொல்லிச் சொல்லியே பொழுதை ஓட்டினான், உங்கப்பா கிழிந்த போர்வைகளைச் சுருட்டி அணை கட்டிவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முழங்கால் வலி குறைந்தபாடில்லை. உட்கார்ந்து தேய்க்கட்டும் என்று உயரமான ஸ்டூல் ஒன்று வாங்கிப் போட்டேன், அதன்மேல் துணியை அடுக்கி வைத்துக்கொண்டு நின்றபடியே தேய்க்கிறார். எதிரே இருந்த செருப்புக் கடை காலி, இப்போது போனுக்கு உறை விற்கிற கடை, நாள் முழுக்க ஒரே பாட்டு. போன விடுமுறைக்கு வந்தபோது நீ விட்டுப்போன கறுப்புக் கோட்டைச் சுத்தம் பண்ணியாகிவிட்டது, காலர் கறை அடையாளமில்லாமல் போய்விட்டது, ஆடிக்கொண்டிருந்த பொத்தானையும் தைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் வரும் பார்சலிலேயே கோட்டும் இருக்கும். அதைப்பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் தம்பி கஞ்சா இழுக்கிறான். இதைப் படித்து நீ திடுக்கிடப்போவதில்லை, எனக்கு முன்னாலேயே உனக்குத் தெரியும், அதைப் பிறகு பேசிக்கொள்வோம். எனக்கு எப்படித் தெரிந்தது என்பதைக் கேள். நம் கடை வழக்கம் உனக்குப் பழகியதுதான். மெஷினில் போடுமுன் ஒவ்வொரு துணியின் பாக்கெட்டையும் உங்கப்பா தடவிப் பார்ப்பார். கிடைப்பது எதுவானாலும் ஒரு சின்னக் காகித உறையில் போட்டு, டோக்கன் எண் எழுதி, சலவை முடிந்ததும் அதே துணியோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்துவிடுவார். இது என்ன, எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று வாய்திறந்து கேட்கமாட்டார். கம்மல், பல் செட், வீட்டுக்குத் தெரியாத காதல் சீட்டு, யாருக்கும் தெரியக்கூடாத மாத்திரை அட்டை, எல்லாம் அப்படியே போய்ச் சேர்ந்திருக்கின்றன. பாக்கெட்ல இருக்கறது சட்டைக்காரங்க விஷயம், அழுக்கு மட்டும்தான் நம்ம விஷயம் என்பார். அந்த நம்பிக்கையில்தான் பாதி ஊர் நம்மிடம் துணி போடுகிறது, அதை நான் மறுக்கவில்லை.

வீட்டு மெஷின் கெட்டுப்போனதால் கொஞ்ச நாளாக நம் துணியும் கடைக்குத்தான் போகிறது. உன் தம்பியின் ஜீன்ஸில் உங்கப்பாவுக்கு ஒரு பொட்டலம் கிடைத்திருக்கிறது. உள்ளே காய்ந்த இலை, கூடவே அதைச் சுருட்டுகிற மெல்லிய காகிதக் கட்டு ஒன்று. பெற்ற தகப்பன் என்ன செய்யவேண்டும், நீயே சொல். இந்த மனுஷன் அதை உறையில் போட்டு, ஸ்டேப்ளர் அடித்து, ஜீன்ஸை ஹேங்கரில் மாட்டி, பிளாஸ்டிக் மூடி, பையனின் அலமாரியில் கொண்டுபோய்த் தொங்கவிட்டிருக்கிறார். ஒரு வார்த்தை இல்லை. அவனுக்கும் பயம், அப்பா கூப்பிடுவார் கூப்பிடுவார் என்று காத்திருந்திருக்கிறான். அந்த நாட்களில்தான் கேட்காமலே பாத்திரம் கழுவினான், நானும் பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று பூரித்துப்போய் உனக்குப் போனில்கூடச் சொன்னேன். கூப்பிடவே இல்லை என்றதும் அவன் துணிந்துவிட்டான். அடுத்த பொட்டலமும் அதேபோல உறையில் வந்து சேர்ந்தது.

உங்கப்பாவுக்கு முழங்கால் முடியாத ஒரு நாள் துணிகளை நான் மாடிக்கு எடுத்துப் போனேன். ஜீன்ஸில் உறை தொங்கியது, பஸ் பாஸ் என்று நினைத்துப் பிரித்தேன், டீத்தூளோ என்று மோந்து பார்த்தேன். அந்த வாடை எனக்குப் பல மாதப் பழக்கம். அவனுடைய ஜாக்கெட்டில் வருகிற வாடை அது, ஈரத்தோடு மடித்து வைக்கிறான் என்று நான் திட்டிக்கொண்டிருந்த வாடை. இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. ஒரு நாள் அவனாகவே என்னிடம் வந்து, அம்மா கம்பளித் துணியில ஏறின வாடைய எப்படி எடுக்கறது என்று கேட்டான். பிள்ளை தொழில் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறான் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. நீராவி எவ்வளவு தூரத்தில் பிடிப்பது, வினிகரை எப்படிக் கலப்பது, எந்தப் பக்கம் திருப்பிக் காற்றில் போடுவது என்று நிற்கவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். அவனும் நல்ல மாணவனாகக் கேட்டுக்கொண்டான். அப்பா பொட்டலத்தைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுக்கிறார், அம்மா வாடையை எடுத்துக் கொடுக்கிறாள், இப்படி ஒரு வீடு எந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும்.

கீழே இறங்கி வந்து உங்கப்பாவிடம் உறையைக் காட்டி இது என்ன என்றேன். பாக்கெட்ல இருந்துச்சு என்றார். அது தெரியுது, இது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்றேன். தெரியும் என்றார். தெரிஞ்சுமா மாட்டி வச்சீங்க என்றேன். அவனுக்கு நமக்குத் தெரியும்னு தெரிஞ்சா போதும்னு நெனச்சேன் என்றார். உறையை மாட்டி வைத்ததே அவருக்குப் பேசினதுக்குச் சமம். எனக்கு வந்த ஆத்திரத்தில் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் போட்டிருப்பேன், அடியில் ஒரு வாடிக்கையாளரின் பட்டுச் சட்டை இருந்ததால் போடவில்லை.

அப்புறம் நான் என்ன செய்திருப்பேன் என்பதை நீயே ஊகித்திருப்பாய். பொட்டலத்தைக் கழிப்பறையில் கொட்டினேன். அவன் பள்ளியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுமுன் கத்தினேன். போனைப் பிடுங்கினேன், அறைக் கதவின் தாழ்ப்பாளைத் திருப்புளி வைத்துக் கழற்றினேன், மெத்தையைப் புரட்டினேன். உன் மாமாவை வரச்சொன்னேன். பஸ் ஓட்டுகிற மனுஷன், கண்டிப்பானவர், ஆம்பளை சொன்னால் கேட்பான் என்று ஒரு நினைப்பு. அவர் வந்து உட்கார்ந்து, போதை குடும்பத்தையே அழிச்சிடும்டா என்று ஆரம்பித்தார், ஆரம்பிக்கும்போதே முந்தின நாள் சாப்பிட்ட பீர் வாடை கூடம் முழுக்க அடித்தது. உன் தம்பி என் முகத்தைப் பார்த்தான். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, அவன் சிரித்துவிட்டான். மாமா கோபித்துக்கொண்டு காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார், இன்றுவரை போன் இல்லை.

அந்தச் சண்டையில்தான் அவன் வாய்தவறி அக்காவுக்குத் தெரியும் என்று சொன்னான். அக்காவே அம்மாகிட்ட சொல்லாத, கத்துவாங்கன்னுதான் சொன்னா என்றான். அன்றைக்கு நான் பட்டதை எழுதத் தெரியவில்லை. கத்துவேன் என்று சொன்னாயே, அது உண்மைதான், நான் கத்திக்கொண்டிருக்கும்போதுதான் அவன் அதைச் சொன்னான். அன்றைக்கு உனக்குப் போன் போட்டேன், நினைவிருக்கும். இதெல்லாம் இப்ப சாதாரணம்மா, இங்க என் ஆபீஸ்ல எல்லாரும் இழுக்கறாங்க, யாரும் கெட்டுப்போகல என்றாய். எல்லாரும் என்றால் உன்னைத் தவிர மற்ற எல்லாரும் என்று நான் எடுத்துக்கொண்டேன். சாதாரணம் என்கிறாய். பதினேழு வயதுப் பிள்ளை, படித்த பாடத்தையே திரும்பத் திரும்பப் படிக்கிறான், மனதில் நிற்கவில்லை என்கிறான். காலையில் எழுப்பினால் நான் பேசுவது அவனிடமா சுவரிடமா என்று சந்தேகம் வருகிறது. ஆபீசில் இருக்கிறவர்கள் வளர்ந்து முடிந்தவர்கள், இவன் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறான், உயரத்தையே இன்னும் கதவோரம் கோடு போட்டுத்தான் பார்க்கிறோம்.

பள்ளியில் பிள்ளைகளோடு பேசுவதற்கென்று ஆலோசகர் ஒருவர் இருக்கிறார், அந்த அம்மாவைப் போய்ப் பார்த்தோம். என்னைவிட வயதில் சின்னவள், பொறுமைக்காரி. அவன் போதையில் இருக்கும்போது பேசாதீர்கள், உங்களுக்குக் கோபமாக இருக்கும்போதும் பேசாதீர்கள் என்றாள். அப்படியென்றால் நான் எப்போதுதான் பேசுவது என்று கேட்டேன். சிரித்தாள். ஆயிரம் தடை போடாதீர்கள், உங்களால் காப்பாற்ற முடிகிற ஒன்றிரண்டை மட்டும் போட்டு அதில் மாறாமல் நில்லுங்கள், எப்போது பிடிக்கிறான் என்பதைவிட எதற்காகப் பிடிக்கிறான் என்று கேளுங்கள், உளவு பார்க்காதீர்கள் என்றாள். இதெல்லாம் எனக்கும் தெரியும். சொல்வதற்குச் சுலபம், வீட்டில் தாழ்ப்பாள் இல்லாத கதவுக்கு அந்தப் பக்கம் அவன் மூச்சு விடுவது கேட்கும்போது செய்வதற்குத்தான் முடியவில்லை.

இதற்கு நடுவில் ஸ்கூட்டர். மாலையில் சலவைத் துணியை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அவன் வேலைதானே, லைசென்ஸ் வந்ததிலிருந்து. ஒரு மாலை கை நிறையத் துணியோடு கிளம்பினான், திருப்பத்தில் சறுக்கி விழுந்தான். கல்யாணக் கோட்டும் வெள்ளைச் சட்டைகளும் சாக்கடையோரம் விரிந்து கிடந்தன. அவனுக்கு உள்ளங்கையும் முழங்கையும் உரசல், அவ்வளவுதான். ஆனால் அவன் விழுந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி ஒரு சின்னப் பெண் பள்ளிப் பையோடு நின்றிருந்தாள். பழக்கடைக்காரர்தான் அவனைக் கூட்டிக்கொண்டு வந்து விட்டார், அந்தப் பொண்ணு தப்பிச்சதே பெரிசும்மா என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். உன் தம்பி பக்கத்தில் வந்து நின்றதும் எனக்கு அந்த வாடை வந்துவிட்டது. எனக்குக் கத்தக்கூடத் தெம்பில்லை, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

உங்கப்பா இஸ்திரியை நிறுத்தினார். அவன் கையைக் கழுவி மருந்து போட்டார். பிறகு அவன் ஜீன்ஸ் பாக்கெட்டில் தானே கையை விட்டு வண்டிச் சாவியை எடுத்தார். வண்டி கிடையாது, மத்ததெல்லாம் பேசலாம், பேசி எப்படி வேணா முடிவு பண்ணலாம், வண்டி மட்டும் கிடையாது என்றார். அவர் குரல்கூட உயரவில்லை. அவன் சரிப்பா என்றான். நான் இத்தனை நாள் தொண்டை கிழியக் கத்தியதற்கு வராத சரி, அந்த ஒரு வாக்கியத்துக்கு வந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது, அதற்குச் சமமாக எரிச்சலாகவும் இருந்தது. இப்போது மாலையில் உங்கப்பாவே நொண்டிக்கொண்டு நடந்துபோய்த் துணி கொடுக்கிறார், அவன் பின்னால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறக்காமல் மூவரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தோம். நான் ஆலோசகர் அம்மாவை நினைத்துக்கொண்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, எதுக்குடா என்று மட்டும் கேட்டேன். மேஜை விரிப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தான். தலைக்குள்ள மெஷின் ஓடிட்டே இருக்கும்மா, நிக்க மாட்டேங்குது, பரீட்சை, அப்புறம் என்ன பண்ணப்போற, அக்கா மாதிரி வருவியா, அதுவே சுத்துது, அத இழுத்தா கொஞ்ச நேரம் நிக்குது என்றான். அக்கா மாதிரி வருவியா என்று கேட்டது யார் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். உங்கப்பாதான் பேசினார். நின்னுட்டா பரவால்ல, அது நிக்கல, மறுபடி ஓடத்தானே செய்யுது, வேற வழி பாப்போம் என்றார். கடைசியில் ஓர் ஏற்பாடு ஆனது. ஆலோசகரை அவன் தனியாகப் போய்ப் பார்ப்பான். வீட்டிலும் கடையிலும் அது வராது. வண்டி கிடையாது. பதிலுக்கு அவன் பாக்கெட்டை யாரும் பார்க்கமாட்டோம், துவைக்கப் போடும்போது அவனே காலிசெய்து, பாக்கெட்டின் உள்துணியை வெளியே இழுத்துவிட்டுப் போடுவான். தாழ்ப்பாளை நானே திரும்ப மாட்டிக்கொடுத்தேன்.

முதல் முறை ஜீன்ஸைக் கூடையில் போட்டான். பாக்கெட்டுகள் முயல் காது மாதிரி வெளியே தொங்கின. ஆனால் இழுத்துவிட முடியாதது பின்பாக்கெட். நான் என்ன செய்தேன் தெரியுமா. இவ்வளவும் பேசி முடித்த பிறகு, தாழ்ப்பாளையும் மாட்டிக்கொடுத்த பிறகு, அந்தப் பின்பாக்கெட்டில் கையை விட்டுத் துழாவினேன். ஒன்றும் இல்லை. நிமிர்ந்தால் அவன் வாசற்படியில் நிற்கிறான். கோபப்படவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நல்லா பாத்துக்கோம்மா என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டான். உங்கப்பா கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார், கடையில வேலை பாக்கற பொம்பளைக்கு இது தெரியாதா என்றார். அன்றிலிருந்து உன் தம்பிக்கு என்னிடம் ஆமா, இல்ல, பசிக்கல, இந்த மூன்றே வார்த்தைகள். ஆலோசகரைப் பார்க்கப் போகிறான், அதுவரை சரி. மறுபடி தொட்டானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. தொட்டால் என்னிடம் வந்து சொல்லமாட்டான், அது மட்டும் தெரியும். அந்தப் பயத்தில்தான் இந்தக் கடிதம். அவன் இழுக்கிறானே என்பதைவிட, எங்கேயாவது விழுந்து கிடந்தாலும் அம்மாவைக் கூப்பிடாமல் கிடப்பானோ என்று நினைத்தால் எனக்குக் கையில் வேலை ஓடமாட்டேன் என்கிறது.

உன்னிடம் அவன் பேசுகிறான். எனக்கு அதில் பொறாமை இல்லை என்று சொன்னால் பொய். என்ன பேசினான் என்று நான் கேட்கமாட்டேன், நீயும் சொல்லவேண்டாம். ஆனால் அம்மாகிட்ட சொல்லாத என்று சொன்ன அதே வாயால், அம்மாகிட்ட சொல்லு என்று ஒரு தடவை சொல்லு. அம்மா மாறிட்டாங்க என்றெல்லாம் பொய் சொல்லாதே, அவன் நம்பமாட்டான். முயற்சி பண்றாங்க என்று சொல்லு. இதெல்லாம் சாதாரணம் என்று மட்டும் இனி அவனிடம் சொல்லாதே, உன்னை அவன் எவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறான் என்று உனக்குத் தெரியாது. அவன் தலைக்குள் ஓடுகிற மெஷினில் பாதிச் சத்தம் உன் பெயர்தான்.

கோட்டைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன் என்றேனே. உங்கப்பாவுக்கு முழங்கால் முடியாததால் அதன் பாக்கெட்டை நான்தான் பார்த்தேன். உள்பாக்கெட்டில் இருந்ததை உறையில் போட்டு, உன் பெயர் எழுதி, காலருக்குக் கீழே ஸ்டேப்ளர் அடித்திருக்கிறேன். உன் தம்பியின் ஜீன்ஸில் இருந்த அதே மெல்லிய காகிதக் கட்டு, அதே நிறம். உங்கப்பாவிடம் சொல்லவில்லை, தம்பியிடமும் சொல்லவில்லை. இது என்ன, எதற்கு வைத்திருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. இத்தனை பக்கமும் கேட்காமல் எழுதிவர நான் என்ன பாடுபட்டேன் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன், மீட்டிங் வருமளவுக்குக் குரலை உயர்த்தமாட்டேன்.

நீயும் உன் தம்பியும் எந்தக் குறையும் இல்லாமல் நூறாண்டு நன்றாக இருங்கள். உறையைப் பிரிக்கும்போது ஸ்டேப்ளர் ஊசி விரலில் குத்தாமல் பார்த்துக்கொள். கோட்டைக் கம்பியில் மாட்டாதே, தோள் இறங்கிவிடும், மர ஹேங்கரில் மாட்டு.

கத்தாமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கும்
உன் அம்மா